நாலு தட்டு தட்டினால் உண்மை வந்துவிடுமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஒருவர் வீட்டில் பூட்டை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மகள் கல்யாணத்துக்காகப் பத்து வருடம் சேர்த்த நகை. அவர் காவல் நிலையத்துக்குப் போகிறார். யார் மீது சந்தேகம் என்று கேட்கிறார்கள். வேலைக்கு வரும் ஒரு பையனின் பெயரைச் சொல்கிறார். சொல்லிவிட்டு, "சார், கொஞ்சம் நல்லா விசாரிங்க. நாலு தட்டு தட்டினா உண்மை வந்துடும்" என்கிறார்.

இந்த வார்த்தையைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பலாச் சந்தையில் பணப்பை காணாமல் போனாலும், முந்திரி ஆலையில் ஒரு மூட்டை குறைந்தாலும் இதே பேச்சுதான். சொல்பவர் கெட்டவர் இல்லை. ஐந்து வேளை தொழுபவராகக்கூட இருப்பார். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு மறுமையில் என்ன எடை என்று அவர் யோசித்திருக்கமாட்டார். காவல்துறை எப்போது கை ஓங்கலாம், எப்போது ஓங்கக்கூடாது, அதில் நம் பங்கு என்ன என்பதை இன்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

நுஃமான் பின் பஷீர் (ரலி) விதித்த நிபந்தனை

இதே சம்பவம் நபித்தோழர்கள் காலத்திலும் நடந்திருக்கிறது. சிலருடைய பொருட்கள் திருடுபோயின. அவர்கள் சில நெசவாளர்கள் மீது சந்தேகப்பட்டு, ஆளுநராக இருந்த நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் அந்த நெசவாளர்களைச் சில நாட்கள் காவலில் வைத்துவிட்டு விடுதலை செய்துவிட்டார். புகார் கொடுத்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அடிக்காமலே, சோதிக்காமலே விட்டுவிட்டீர்களே என்று முறையிட்டார்கள்.

அதற்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார். நீங்கள் விரும்பினால் நான் அவர்களை அடிக்கிறேன்; பொருள் கிடைத்தால் சரி; கிடைக்காவிட்டால் அவர்கள் முதுகில் விழுந்த அதே அளவு அடி உங்கள் முதுகிலும் விழும் என்றார். இது உங்கள் தீர்ப்பா என்று கேட்டார்கள். இது அல்லாஹ்வுடைய, அவனுடைய தூதருடைய தீர்ப்பு என்று பதில் சொன்னார். (அபூதாவூத்)

சகோதரர்களே, இதைக் கவனியுங்கள். அந்த நெசவாளர்கள் நிரபராதிகள் என்று அவர் அறிவிக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் விஷயமே. தெரியாத நிலையில் ஒரு மனிதனின் உடம்பைத் தொட யாருக்கும் உரிமை இல்லை. அந்தத் தவறு நடக்க வேண்டும் என்று கேட்பவர், அதன் விலையையும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். இந்த நிபந்தனை இன்று நம் ஊரில் இருந்தால், "நாலு தட்டு தட்டுங்க" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

நம் மாவட்டத்திலேயே நடந்தது

இது எங்கோ தூரத்துக் கதை அல்ல. 1993இல் இதே கடலூர் மாவட்டத்தில், முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற ஏழைக் குறவரைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அடித்துச் சித்திரவதை செய்தார்கள். அவர் இறந்துபோனார். தப்பி ஓடிவிட்டார் என்று கணக்கு எழுதினார்கள். உடலை மாவட்ட எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவருடைய மனைவி பார்வதி விடவில்லை. வழக்கறிஞர் சந்துரு, அவர்தான் பின்னாளில் நீதிபதி சந்துரு, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். சம்பந்தப்பட்ட போலீசாருக்குத் தண்டனை கிடைத்து, அது உயர் நீதிமன்றத்தில் உறுதியாக 2006 ஆகிவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள்! 2021இல் வந்த 'ஜெய் பீம்' படம் இந்த வழக்கை அடிப்படையாகக் கொண்டதுதான்.

படம் பார்த்து அழுதவர்கள் உண்டு. ஆனால் 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமார் என்ற இளைஞருக்கும் அதேதான் நடந்தது. காரில் வைத்திருந்த நகை காணவில்லை என்று ஒரு புகார். வழக்குப் பதிவு செய்வதற்கு முன்பே தனிப்படை போலீசார் அவரை அழைத்துப்போய் அடித்தார்கள். 28ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். உடம்பு முழுக்கக் காயம். முப்பத்திரண்டு வருட இடைவெளி. புகார் அதேதான், அடி அதேதான், அடிபட்டவர் ஏழை என்பதும் அதேதான்.

ஏன் திருட்டு வழக்கிலேயே இது திரும்பத் திரும்ப நடக்கிறது? ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆங்கிலேயர் காலத்துச் சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவிலும் அப்படித்தான். அடித்து வாங்கிவிடுவார்கள் என்று தெரிந்துதான் அந்தத் தடையை வைத்தார்கள். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொல்லி, அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். ஆகவே அடிப்பது உண்மைக்காக அல்ல, பொருளுக்காக. பொருளைக் கேட்டு நெருக்குபவர் யார்? புகார் கொடுத்த நாம்தான். நுஃமான் (ரலி) அவர்களின் நிபந்தனை எவ்வளவு சரியான இடத்தில் விழுகிறது பாருங்கள்.

அப்படியானால் பலமே கூடாதா?

அப்படி மார்க்கம் சொல்லவில்லை. அரிவாளோடு ஒருவன் பாய்கிறான், குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான், கலவரக்காரர்கள் கடைக்குத் தீ வைக்க வருகிறார்கள். அங்கே காவலர் கை கட்டி நின்றால் அதுவும் அநியாயம்தான். பலவீனர்களைக் காப்பாற்றத்தான் அதிகாரத்தை அல்லாஹ் ஏற்படுத்தியிருக்கிறான். பண்டிகை இரவில் நாம் குடும்பத்தோடு இருக்கும்போது தெருமுனையில் நின்றுகொண்டிருப்பவர் அந்தக் காவலர். சம்பவ இடத்தில் வெட்டுப்பட்டவர்களும் உயிரை விட்டவர்களும் அவர்களில் உண்டு. இதை மறந்துவிட்டுப் பேசுவது நீதியாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து தடம்புரளச் செய்யக்கூடாது என்று குர்ஆன் (5:8) எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை காவல்துறையைப் பற்றி நாம் பேசும்போதும் பொருந்தும்.

எனவே பலம் கூடுமா கூடாதா என்பது கேள்வி அல்ல. எப்போது, எவ்வளவு, எதுவரை என்பதுதான் கேள்வி.

இதற்கு நம் ஃபுகஹாக்கள் மிகத் தெளிவான படிகளை வகுத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதிய 'மின்ஹாஜ்', ஷாஃபி மத்ஹபின் முக்கியமான நூல்களில் ஒன்று. அதில் தாக்க வருபவனைத் தடுப்பது பற்றிய பாடம் இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: இருப்பதிலேயே எளிய வழியால் தடுக்க வேண்டும். பேச்சாலோ, பிறரை உதவிக்கு அழைத்தோ தடுக்க முடிந்தால் அடிப்பது ஹராம். கையால் முடிந்தால் சாட்டை ஹராம். சாட்டையால் முடிந்தால் தடி ஹராம். உறுப்பைக் காயப்படுத்தினால் போதும் என்றால் கொல்வது ஹராம்.

இன்று உலகெங்கும் காவல்துறைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் படிகளும் இவைதான். முதலில் சீருடையோடு அங்கே போய் நிற்பது, பிறகு பேச்சு, பிறகு கைப்பலம், பிறகு லத்தி, கண்ணீர்ப்புகை, கடைசியில் மட்டுமே துப்பாக்கி. 1979இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற காவலர் நடத்தை விதிகளும், 1990இல் ஹவானாவில் வகுக்கப்பட்ட துப்பாக்கிப் பயன்பாட்டுக் கோட்பாடுகளும் இதைத்தான் சொல்கின்றன: கண்டிப்பாகத் தேவைப்பட்டால் மட்டும், தேவையான அளவு மட்டும். நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, கைதை எதிர்ப்பவரிடம் தேவையான வழிமுறைகளைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது உயிரைப் போக்க இந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தப்பிக்காமல் இருக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் கட்டுப்படுத்தக்கூடாது என்று 46ஆம் பிரிவு சொல்கிறது.

ஆபத்து நின்றால் கையும் நிற்க வேண்டும்

உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்கள் ஒரு படைப்பிரிவில் சென்றபோது எதிரி ஒருவரை நெருங்கிவிட்டார். வாள் தலைக்கு மேலே வந்ததும் அந்த மனிதர் கலிமாவைச் சொல்லிவிட்டார். உஸாமா (ரலி) நிறுத்தவில்லை. கொன்றுவிட்டார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. ஆயுதத்துக்குப் பயந்துதான் சொன்னார் என்று உஸாமா (ரலி) விளக்கம் கொடுத்தார். அவர் உள்ளத்தைப் பிளந்து பார்த்தாயா என்று நபியவர்கள் கேட்டார்கள். அந்தக் கண்டனத்தைத் தாங்க முடியாமல், இன்றுதான் நான் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக்கூடாதா என்று உஸாமா (ரலி) ஏங்கிப்போனார்கள். (முஸ்லிம்)

உஸாமா (ரலி) நபியவர்களின் மிகப் பிரியத்துக்குரியவர். நடந்தது போர்க்களம். எதிரில் நின்றவர் முஸ்லிம்கள் பலரைக் கொன்றவர் என்று ஓர் அறிவிப்பு சொல்கிறது. இத்தனை இருந்தும் மன்னிப்புக் கொடுத்துக் கடந்துபோகவில்லை. சரணடைந்த நொடியில் பலத்துக்கான காரணம் போய்விட்டது. காரணம் போன பிறகு விழும் அடி, தடுப்பதற்கான அடி அல்ல, அது பழிவாங்கல்.

அலீ (ரலி) அவர்கள் ஜமல் போரில் தம் படையினருக்கு இட்ட கட்டளையும் இதே அடிப்படைதான்: புறமுதுகு காட்டி ஓடுபவரைத் துரத்திக் கொல்லக்கூடாது, காயம்பட்டு விழுந்தவரைத் தீர்த்துக்கட்டக்கூடாது.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போனார்கள். கல்வீச்சும் தீவைப்பும் நடந்தன என்பதும் உண்மை. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் சுடப்பட்டது, அந்தச் சூழ்நிலை துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தவில்லை என்று அது சொன்னது. போர்க்களத்தில் எதிரிக்கே அலீ (ரலி) தடுத்ததை, சொந்தக் குடிமக்கள் மீது செய்தால் அதற்கு என்ன பெயர்?

"ஒரு நொடியில் எப்படி யோசிக்க முடியும்?"

நியாயமான கேள்வி. வீட்டில் உட்கார்ந்துகொண்டு பேசுவது எளிது. கல் பறந்து வரும்போது படி பார்க்க முடியுமா என்று காவலர் ஒருவர் கேட்டால் அவரை நாம் குறை சொல்லக்கூடாது. உண்மையான அச்சத்தில், உண்மையான ஆபத்தில், ஒரு நொடியில் எடுத்த முடிவை அல்லாஹ் அறிவான். தற்காப்புக்கு மார்க்கத்திலும் இடம் உண்டு, சட்டத்திலும் இடம் உண்டு.

ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும்.

ஒன்று, அந்த ஒரு நொடி அந்த நொடியில் உருவாவதில்லை. என்ன பயிற்சி கொடுத்தார்கள், மேலதிகாரி என்ன சொல்லி அனுப்பினார், கூட்டத்தைச் சமாளிக்கக் கையில் என்ன கொடுத்தார்கள், எத்தனை மணி நேரம் தூங்காமல் நிறுத்தினார்கள், எதிரில் நிற்பவரைப் பற்றி மனதில் என்ன எண்ணத்தை வளர்த்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த விரலை அழுத்துகின்றன. கோபமாக இருக்கும்போது நீதிபதி தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். (புகாரி) நீதிபதிக்காவது மேல்முறையீடு இருக்கிறது. லத்தி அடிக்கு மேல்முறையீடு இல்லை. அப்படியானால் லத்தி பிடித்தவருக்குக் கோபத்தை அடக்கும் பயிற்சி எவ்வளவு அவசியம்!

இரண்டு, பூட்டிய அறைக்குள் ஒரு நொடி என்ற பேச்சே இல்லை. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜ் என்ற வியாபாரியையும் அவர் மகன் பென்னிக்ஸையும், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்று காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22ஆம் தேதி மகன் இறந்தார், மறுநாள் தந்தை இறந்தார். அங்கே யார் யாரைத் தாக்க வந்தார்கள்? யார் உயிருக்கு ஆபத்து இருந்தது? அரசின் கையில் ஒப்படைக்கப்பட்ட மனிதர் அமானிதம். அவர் குற்றவாளியாகவே இருந்தாலும் அமானிதம்.

அதே சாத்தான்குளத்தில் இன்னொன்றையும் பார்த்தோம். அந்தக் காவல் நிலையத்திலேயே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், கண்டதை நீதித்துறை நடுவரிடம் சொன்னார். அநியாயம் செய்யும் அதிகாரியின் முன்னால் உண்மையைச் சொல்வது சிறந்த ஜிஹாத் என்று நாம் ஹதீஸில் படிக்கிறோம். அந்தத் துணிவைச் சீருடைக்குள்ளேயே அல்லாஹ் காட்டினான்.

அதிகாரத்தில் இருப்பவரின் முதுகு

ஹிஷாம் பின் ஹகீம் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். வரி பாக்கிக்காகச் சில விவசாயிகளை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். உலகில் மக்களை வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதாக அங்கேயே சாட்சி சொன்னார்கள். ஆளுநரிடமும் நேரில் போய்ச் சொன்னார்கள். அந்த விவசாயிகள் விடுவிக்கப்பட்டார்கள். (முஸ்லிம்) மாட்டு வாலைப் போன்ற சாட்டைகளை வைத்துக்கொண்டு மக்களை அடிப்பவர்கள் நரகவாசிகளில் ஒரு வகையினர் என்ற எச்சரிக்கையும் முஸ்லிமில் இருக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் ஓர் உரையில், மக்களின் உடம்பில் அடிக்கவோ அவர்கள் பொருளைப் பறிக்கவோ தாம் அதிகாரிகளை அனுப்பவில்லை என்றும், அப்படி நடந்தால் தம்மிடம் வந்து முறையிட வேண்டும், அந்த அதிகாரியிடமிருந்து பழி வாங்கித் தருவதாகவும் அறிவித்தார்கள். உடனே அம்ர் பின் ஆஸ் (ரலி) எழுந்தார்கள். ஓர் அதிகாரி ஒழுங்குபடுத்துவதற்காகக் கண்டித்தால்கூடவா என்று கேட்டார்கள். ஆம் என்றார்கள் உமர் (ரலி). நபி (ஸல்) அவர்களே தம்மிடமிருந்து பழி தீர்க்க இடம் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேனே என்றார்கள். (அபூதாவூத்)

அம்ர் (ரலி) கேட்டது இன்றைக்கும் கேட்கப்படும் கேள்வி. இப்படிக் கணக்குக் கேட்டால் போலீஸ் எப்படி வேலை செய்யும் என்கிறார்கள். உமர் (ரலி) சொன்ன பதில்தான் இன்றைக்கும் பதில். கணக்குக் கேட்பது அதிகாரத்தைப் பலவீனப்படுத்தாது. கணக்குக் கேட்காவிட்டால் அது அதிகாரமாகவே இருக்காது, வெறும் தடியாகிவிடும்.

நம் கடமை

முதலாவது, நாவைக் காப்பது. "நாலு தட்டு தட்டுங்க" என்று சொல்லக்கூடாது. என்கவுன்டர் நடந்தால் கைதட்டக்கூடாது. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே ஒரு கொடூரமான பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று 2022இல் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு நடந்த அநியாயத்தை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் விசாரணையே இல்லாமல் முடித்துவிட்டால், உண்மையான குற்றவாளி அவர்கள்தான் என்று இனி யாருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பைத் தெரிந்துகொள்வது. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் விதித்த விதிகளை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கைது செய்பவர் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதிக் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆம் உறுப்பு. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

மூன்றாவது, நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவருக்காக மட்டும் குரல் கொடுப்பது போதாது. ஹிஷாம் (ரலி) யாருக்காகப் பேசினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நம் பகுதியில் இருளரோ, குறவரோ, வெளிமாநிலத் தொழிலாளியோ இரவில் அழைத்துச் செல்லப்பட்டால், அடுத்த நாள் காலையில் காவல் நிலைய வாசலில் போய் நின்று "அவர் எங்கே?" என்று கேட்க நம்மில் நாலு பேர் வேண்டும். நாலு தட்டைவிட அந்த நாலு பேர்தான் இந்த ஊருக்குத் தேவை.

நான்காவது, நம் பிள்ளைகள் காவல்துறையில் சேர வேண்டும். நீதியை ஈமானாக நினைக்கும் ஒருவர் அந்த அறைக்குள் இருந்தால், ஓங்கிய ஒரு கையையாவது பிடித்து நிறுத்துவார். சீருடையில் இருக்கும் சகோதரர்கள் இந்தச் சபையில் இருந்தால் அவர்களுக்கும் சொல்கிறோம்: உங்கள் வேலை இபாதத்தாக முடியும். கை ஓங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த அடி இப்போது யாரைக் காப்பாற்றுகிறது? பதில் இல்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள்.

யா அல்லாஹ்! அநியாயம் செய்வதிலிருந்தும், அநியாயத்துக்குத் துணைபோவதிலிருந்தும், அதைப் பார்த்துச் சும்மா இருப்பதிலிருந்தும் எங்களைப் பாதுகாப்பாயாக. அநியாயமாக உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு நீதியையும் பொறுமையையும் தருவாயாக. எங்களைக் காக்கும் காவலர்களின் உயிரையும் உள்ளத்தையும் பாதுகாப்பாயாக. ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.